மலையேறின பள்ளிக்கூட பஸ்

இந்தப் பெஞ்சு ஆடுதுங்க ஐயா. பின்னங்கால் ஒண்ணு நூல் அளவு கட்டையா இருக்குது, வேற ஒண்ணுமில்லை. ஒரு சீவல் துண்டு கெடைச்சா நிமிசத்துல சரி பண்ணிக் குடுத்துருவேன். வேண்டாங்களா? சரிங்க. எங்க போனாலும் என்ற கண்ணு மொதல்ல மரத்து மேலதான் போகுமுங்க, மனுசங்க மேல அப்பறந்தான் போகும். என்ற சம்சாரம் சின்னாயி கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதைச் சொல்லித்தான் திட்டறா.

பேரு குழந்தைவேல் ஆசாரிங்க. ஊரு பேளுக்குறிச்சி. பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி கட்டறது தொழில். நான் வந்தது சென்றாயன் விசயமா வாக்குமூலம் குடுக்கறதுக்கு. அதானுங்க, கொல்லிமலை, திண்ணனூர் நாட்டுச் சென்றாயன். எங்க ஊருப் பண்ணையார் அர்த்தனாரி மிட்டாதாரைக் கொன்னுட்டான்னு தூக்குத் தீர்ப்பாகி ஜெயில்ல கெடக்கறானே, அவன். அவன் அப்பாவிங்க. அவனைத் தூக்குல போட்டா அந்தப் பாவம் ஏழு தலைமொறைக்கும் விடாது. அதைத் தடுக்கோணும்னுதான் கையில இருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கேன். மிட்டாதார் செத்ததுக்குக் காரணம் நாந்தானுங்க. சிரிக்காதீங்க. ஊட்டுக்கு ஒரம்பரை, விருந்தாளின்னு வந்தா, கோழி அறுக்கறதுக்குப் பக்கத்து ஊட்டுக்காரனைக் கூப்பிடற ஆளு நான். எனக்கே இதைச் சொல்றப்போ வேற எவனோ ஒருத்தனைப் பத்திச் சொல்ற மாதிரித்தான் இருக்குது. மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

சண்டை வந்து பெட்ரோலுக்கு ரேசன் போட்டாங்க பாருங்க, அப்ப ஒரு பள்ளிக்கூட பஸ்ஸு வெலைக்கு வந்துச்சு. டவுன்ல ஏதோ பொண்ணுங்க பள்ளிக்கூடத்து வண்டி. பெட்ரோல் இல்லாம புள்ளைங்க நடந்தே போக ஆரம்பிச்சதுக்கப்பறம், ஒரு வேப்பமரத்தடியில நின்னு காக்காய்க்குக் கூடாயிருந்துச்சு. அதை மிட்டாதார் வாங்கினாரு. ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராஸே காலியாயி ஓடின வருசம் அது. இவருக்கும் பயம் புடிச்சுக்கிச்சு. பேளுக்குறிச்சிச் சந்தை மேல குண்டு போட்டு ஜப்பான்காரனுக்கு என்னங்க லாபம்னு கேக்க எங்க ஆருக்கும் தைரியமில்லை. மலை மேல ஒரு ஊடு கட்டிக்கிட்டா தப்பிச்சுக்கலாம்னு பாத்தாரு. மலைக்காரங்க விடலை. கீழ்நாட்டான் மலையில அஸ்திவாரம் தோண்டக்கூடாதுங்கறது அவுங்க கட்டுப்பாடு. பெரக்கரை நாடு, திருப்புலி நாடுன்னு எல்லா நாட்டுக் கவுண்டங்களும் கூடி உக்காந்து, எசமான் வரட்டும், தங்கட்டும், குடியிருக்கறது மட்டும் வேண்டாமுங்கன்னு மரியாதையாச் சொல்லி அனுப்பிச்சிட்டாங்க.

அப்பத்தானுங்க நான் வாயைத் தொறந்தேன். எதுக்கோ மிட்டாதார் ஊட்டுக் கட்டைவண்டி அச்சு பாக்கப் போயிருந்தேன். வந்த வேலையைப் பாத்துட்டு வந்திருக்கலாம். "அஸ்திவாரம் தோண்டினாத்தானுங்களே எசமான் அது ஊடு. சக்கரத்து மேல நின்னா வண்டிதானுங்களே"ன்னேன். தவளை தன் வாயால கெடும்பாங்க. தவளைக்காச்சும் மழை வந்தாத்தான் வாய் தொறக்கும், எனக்கு எப்பவும் தொறந்தே இருக்கும். மிட்டாதார் உள்ள போயி ஒரு இங்கிலீசுப் பத்திரிகையை எடுத்தாந்து காட்டினாரு. சீமையில வெள்ளைக்காரங்க சும்மா ஊர் சுத்திப் பாக்கறதுக்குன்னே ஊட்டு வண்டி வெச்சிருக்காங்களாம். உள்ளயே படுக்கை, உள்ளயே அலமாரி, உள்ளயே டீ. "இது மாதிரி கட்டுவியா ஆசாரி?"ன்னு கேட்டாரு. நான் படத்தைத் தலைகீழாப் புடிச்சுப் பாத்துட்டு, இதைவிட நல்லாவே கட்டுவேனுங்கன்னு சொல்லிட்டேன்.

சொன்ன மாதிரியே கட்டினேனுங்க. அதுல பொய்யில்லை. பொண்ணுங்க உக்கார்ற பெஞ்சை எல்லாம் பேத்து எடுத்தேன். பெஞ்சு முதுகு பூராவும் ஊக்கால கீறி வெச்ச பேருங்க. வாத்தியாரம்மாவைத் திட்டினது வேற. எல்லாத்தையும் இழைச்சு, அந்தப் பலகையிலயே மடக்கற மேசை பண்ணினேன். பக்கத்துல இழுத்தா படுக்கை, தள்ளினா உக்கார்ற பலகை. கண்ணாடிக்குச் சுத்தியும் கம்பளி ஒட்டி, மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ள வராம பண்ணினேன். மேக்கூரைக்கு உள்பக்கம் தேக்குப் பலகை, ஒண்ணுக்கொண்ணு நாக்கு வெச்சுப் பூட்டினது. நகத்தை வெச்சுத் தடவினாலும் மூட்டுத் தெரியாது. அதே மழைக்காலத்துல என்ற ஊட்டுக் கூரை ஒழுகி, சின்னாயி அண்டா குண்டா எல்லாம் எடுத்து வெச்சுத் தண்ணி புடிச்சுக்கிட்டிருந்தா. நான் மிட்டாதார் களத்துல உக்காந்து, வேலை முடிஞ்ச பொறவும் அந்த வண்டியைப் பாத்துக்கிட்டிருந்தேன். புதுப் பொண்டாட்டியைக்கூட நான் அப்படிப் பாத்ததில்லை.

மலைக்கு ரோடு இல்லைங்கறது எங்களுக்கு அதுக்கப்பறந்தான் ஒறைச்சுதுங்க. அதாவது தெரியும். அடிவாரத்துக் காரவள்ளியோட வண்டித்தடம் முடிஞ்சுது, அதுக்கு மேல ஆளு நடக்கற பாதைதான்னு பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும். மிட்டாதார் நான் ஏதோ யோசனை வெச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டாரு, நான் அவரு வெச்சிருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன். ரண்டு பேரும் அவ்வளவு புத்திசாலிங்க. கடைசியில, பூட்டினதை எல்லாம் நானே கழட்டினேன். பலகைக்குப் பலகை, போல்ட்டுக்குப் போல்ட்டு. இஞ்சினை மட்டும் கீழயே விட்டாச்சு, அது மேல இப்பக் கோழி அடையுது. மீதி எல்லாத்தையும் மலைக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க. மொளகு மூட்டையும் பலாப்பழமும் சுமந்து எறங்கற தோளுங்க. மூங்கில்ல கட்டித் தொங்கவிட்டு, ஊரே சேந்து இரும்புச் சட்டத்தைத் தூக்கிட்டு ஏறினாங்க. அவுங்களுக்கு முன்னாடி நின்னு வழி சொன்னவன்தான் சென்றாயன்.

ஒரே ஒரு எடத்துல தகராறு வந்துச்சு. மலை மேல கட்டில் போட்டுப் படுக்கறது அவுங்களுக்கு ஆகாதாம். சாமி இருக்கற மலையில மனுசன் ஒசந்து படுக்கப்படாது, பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் தரைதான். படுக்கைப் பலகையைப் பாத்துட்டு, காரவள்ளியிலயே எறக்கி வெச்சுட்டாங்க. நான் சென்றாயன்கிட்டப் போயி, "இதுக்குக் கால் இருக்குதா பாரு. செவுத்தோட ஒட்டின பலகை. கட்டிலே இல்லை"ன்னேன். அவன் குனிஞ்சு பாத்தான். அது கட்டில்தான்னு அவனுக்கு நல்லாவே தெரியும். எம் மூஞ்சியைப் பாத்துச் சிரிச்சுட்டு, "ஆசாரி இத்தனை தூரம் சொல்லுது, பலகையாவே இருந்துட்டுப் போகட்டும் சாமி"ன்னு தானே தூக்கித் தலையில வெச்சுக்கிட்டான். எனக்காகத்தான் தூக்கினான். அதை நான் மறுக்கலை.

திண்ணனூர் நாட்டு மேட்டுல வெச்சுத் திரும்பப் பூட்டற வரைக்கும் நான் சென்றாயன் ஊட்டுலதான் இருந்தேன். அவன் சம்சாரம் அத்தாயி சாமைச்சோறும் மொச்சைக் கொழம்பும் போட்டா. புல்லுக் கூரை, மூங்கில் பத்தைச் செவுரு, நடு ஊட்டுல கணப்பு. ஒரம்பரை படுத்திருக்கற எடத்துல தீ இல்லாம விடியப்படாதுன்னு அவுங்களுக்கு ஒரு மொறை இருக்குதுங்க. தீ வெச்சவன்தான் அந்த ஒரம்பரைக்குப் பொறுப்பு. காச்சல் வந்தாலும் அவன் தீ, பாம்பு கடிச்சாலும் அவன் தீ. எனக்கு மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. அப்பறம் அந்தக் குளிருல, ரண்டு ராத்திரிக்கு மேல சிரிக்க முடியலை. எத்தனை பெரிய தீ வெச்சாலும் அந்த ஊட்டுல மூச்சு முட்டாது. புல்லுக் கூரை தானே எல்லாத்தையும் இழுத்து வெளிய விட்டுரும்.

என்ற வண்டி அப்படி இல்லைங்க. ஒரு நாள் சாரல் அடிச்சுதுன்னு கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, உள்ள கரி நெருப்புல வச்சிரம் காச்சிக்கிட்டிருந்தேன். பலகை ஒட்டற பசைங்க. தலை பாரமாச்சு. எந்திரிக்கலாம்னா காலு எனக்குச் சொந்தமில்லைங்குது. அப்பறம் பாத்தா வெளிய ஈரப் புல்லு மேல கெடக்கேன், சென்றாயன் எம் மூஞ்சியில தண்ணி அடிக்கறான், அத்தாயி துன்னூறு பூசறா. ஆசாரிக்கு மேட்டுக்காத்து பட்டுருச்சுன்னு அவுங்க பேசிக்கிட்டாங்க. அன்னிக்கு அவன் வரலைன்னா நான் இங்க உக்காந்து பெஞ்சைக் குத்தம் சொல்லிக்கிட்டிருக்க மாட்டேன்.

மேட்டுக்காத்து இல்லைன்னு எனக்குத் தெரியுமுங்க. பெட்ரோல் இல்லாத லாரிக்கெல்லாம் இப்பக் கரி வாயுப் பெட்டி மாட்டறாங்கில்லீங்களா, அதுல நாலஞ்சு நானும் மாட்டியிருக்கேன். மாட்டச் சொல்லிக் குடுத்தவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்: கொட்டாய்க்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுப் பத்த வெக்காதே, வாசம் வராது, பொகை வராது, ஆளு தூங்கற மாதிரியே போயிருவான்னு. அதேதான் இது. சென்றாயன்கிட்ட இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததுக்குக் காரணம், அப்ப எனக்கு இருந்த சந்தோசமுங்க. பயப்படறதை விட்டுட்டு, படுத்த வாக்குல என்ன நெனச்சேன் தெரியுங்களா? அடேயப்பா, என்ற மூட்டு அத்தனை சுத்தமா நிக்குதேன்னு நெனச்சேன். சாகக் கெடந்தவன் நெனைக்கற நெனப்பைப் பாருங்க. அப்பறம் எந்திரிச்சுப் போயி, காத்துப் போறதுக்கு மேக்கூரையில ரண்டு எடத்துல பென்சில்ல வட்டம் போட்டு வெச்சேன், மறுநாள் அறுத்துக்கலாம்னு. அன்னிக்கு வரைக்கும் நான் நல்லவன்தானுங்க.

மறுநாள் காலையில மிட்டாதார் வந்துட்டாரு. கூட டவுன்ல இருந்து வக்கீல், இன்னும் ரண்டு மூணு பெரிய மனுசங்க. டோலியில ஏறி வந்த அலுப்புல இருந்தாங்க, ஆனா வண்டியைப் பாத்தவுடனே வாயைப் பொளந்துட்டாங்க. நான் வெளுத்த வேட்டி கட்டிக்கிட்டு, கூப்பிடுவாங்கன்னு ஓரமா நின்னேன். வக்கீல் அந்த மேக்கூரையைத் தடவிப் பாத்துட்டு, "ஆரு வேலை இது, ரொம்ப நேர்த்தி"ன்னாரு. மிட்டாதார் என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. "மெட்ராஸ்ல ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிங்க. தனியாச் சொல்லிக் கட்டினது. இந்த ஆளு மேல கொண்டாந்து மாட்டினவன்"னாரு. சொல்லிட்டு, ஜோப்புல இருந்து ஒரு பித்தளைத் தகடு எடுத்தாரு. இங்கிலீசுல அந்தக் கம்பெனி பேரோ என்னமோ வெட்டியிருந்துச்சு. "இதை வாசப்படிக்கு மேல அடிச்சுடு ஆசாரி"ன்னாரு.

அடிச்சேனுங்க. மட்டம் பாத்து, திருகாணி எல்லாம் ஒரே பக்கம் பாக்கற மாதிரி நேராத்தான் அடிச்சேன். கோணலா அடிக்கோணும்னு மனசு சொல்லுச்சு. கை கேக்கலை. எனக்குக் கோவம் வந்தாலும் ஒழுங்காத்தான் வருமுங்க, அதுதான் என்ற கெரகம்.

அதுக்கப்பறம் அந்த ஓட்டை ரண்டும் போடலை. அவ்வளவுதானுங்க நான் பண்ணினது. ஆரையும் கத்தியால குத்தலை, வெசம் வெக்கலை. வக்கீலே நேர்த்தின்னு சொன்ன பலகையில ஓட்டை போட மனசு வரலை, பென்சில் கோட்டை எச்சில் தொட்டு அழிச்சுட்டேன். ஒரு தச்சன் ஒரு எடத்துல ஓட்டை போடாம விட்டான்னு எந்தச் சட்டத்துல குத்தம்னு எழுதியிருக்குது சொல்லுங்க?

மார்கழியில ஒரு நாள் பொழுதோட மிட்டாதார் தங்க வந்தாரு. குண்டும் வரலை, ஜப்பான்காரனும் வரலை. ஆனாலும் ஆசைப்பட்டுக் கட்டினது, ஒரு ராத்திரியாச்சும் படுக்கோணுமில்லீங்களா. வண்டியைத் தொடைச்சு வெக்கறதுக்கு என்னை முந்தியே மேல வரச் சொல்லியிருந்தாரு, அவரு மட்டும் வருவாருன்னுதான் நான் நெனச்சேன். பின்னால இன்னொரு டோலி வந்துச்சு. அதுல மயிலம்மாள், அவரு சம்சாரம்.

அந்தம்மாவைப் பத்தி ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. அவுங்க களத்துல நான் வேலை செஞ்ச எட்டு மாசமும் வெயில் ஏறினா மோர் குடுத்து அனுப்புவாங்க. கண்ணாடி மாட்டறப்போ, என்ற ஒசரத்துக்கு மாட்டுங்க ஆசாரியாரே, அவரு ஒசரத்துக்கு மாட்டினா எனக்கு நெத்தி மட்டுந்தான் தெரியும்னு சொல்லிச் சிரிச்சாங்க. அது ஆரு வேலைன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவுங்கதான். அன்னிக்கு டோலியில இருந்து எறங்கி, உள்ள ஏறி, கதவைச் சாத்திப் பாத்தாங்க. தொறந்துக்கிட்டு வெளிய எட்டிப் பாத்து, "சத்தமே இல்லாம சாத்துதே ஆசாரியாரே, புதுப் பொட்டி மாதிரி"ன்னாங்க.

அப்பச் சொல்லியிருக்கலாம். நீங்க கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிடறேன், அப்பச் சொல்லியிருக்கலாம். யோசிக்காம இல்லைங்க. அம்மணி, உள்ள தீ வெக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை. ஆனா ஏன்னு கேப்பாங்க. சொன்னா, அப்ப ஏன் இத்தனை நாளா ஓட்டை போடலைன்னு மிட்டாதார் கேப்பாரு. அதுவுமில்லாம பொழுது எறங்கிருச்சு. அந்நேரத்துக்கு மேல ஏறி ரம்பம் போட்டா, தூளு பூரா அந்தம்மா விரிச்சிருந்த வெள்ளைப் போர்வை மேல விழும். அது எனக்கு என்னமோ சரியாப் படலை.

சென்றாயன் கணப்புச் சட்டியோட வந்தான். வண்டிக்கு வெளியவே நின்னுட்டு, என்னைத் தனியாக் கூப்பிட்டான். "ஆசாரி, அன்னிக்கு இதுக்குள்ளதான உனக்குக் கிறுகிறுன்னு வந்துச்சு. இதுல தீ வெச்சா ஒண்ணும் ஆகாதா? வெளிய வெச்சுடட்டுமா?"ன்னு கேட்டான். படிக்காதவன், காட்டுல இருக்கறவன், ஆனா கேட்டான் பாருங்க.

இந்த எடத்தை மட்டும் நல்லா எழுதிக்கோங்க ஐயா, ஏன்னா இதை நான் ஆர்கிட்டயும் சொன்னதில்லை. "அது பசி மயக்கம் சென்றாயா. அன்னிக்கு நான் கஞ்சி குடிக்கலை"ன்னேன். அப்பவும் அவன் தயங்கினான். "ஒரம்பரை குளிருல கெடக்கட்டும்னு சொல்றியா? உம்பட மொறை அதுதானா?"ன்னு கேட்டேன். அவனுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. வேற எதைச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான், அதைச் சொன்னா கேப்பான்னு தெரிஞ்சுதான் சொன்னேன். "பெரிய சட்டியா எடுத்துட்டு வா. படுக்கைக்கு அடியில வை, அங்க வெச்சாத்தான் காலுக்குச் சூடு ஏறும்"னு எடமும் நாந்தான் காட்டினேன். வெச்சுட்டு, அவன் மிட்டாதார் காலையும் அந்தம்மா காலையும் தொட்டுக் கும்பிட்டுட்டு எறங்கினான். கதவை நான் சாத்தினேன். சத்தமே வரலை.

அப்பறம் போயிச் சென்றாயன் ஊட்டுல படுத்தேன். நல்லாத்தான் தூங்கினேனுங்க. தூங்கலைன்னு சொன்னா உங்களுக்குப் புடிக்கும், ஆனா வாக்குமூலத்துல பொய் சொல்லப்படாதில்லீங்களா.

விடிஞ்சு அத்தாயி சுக்குத்தண்ணி கொண்டு போயிக் கூப்பிட்டிருக்கா. கதவைத் தொறந்தது சென்றாயன். ரண்டு பேரும் மூஞ்சி செவக்க, தூங்கற மாதிரிதான் கெடந்தாங்க. அந்தம்மா போர்வைகூடக் கலையலை. சென்றாயன் அந்தச் சட்டியைத் தூக்கிப் பாறையில போட்டு ஒடைச்சான். தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். "எந் தீயிலதானே போனாங்க, எந் தீயிலதானே போனாங்க"ன்னு வேற பேச்சே இல்லை. கீழ இருந்து போலீசு வந்து கேட்டப்பவும் அதையேதான் சொன்னான். "நாந்தானுங்க கொன்னேன்"னான். அவுங்க மொறைப்படி அவன் சொன்னது சரிதானுங்க. உங்க மொறையில அதுக்கு வேற அர்த்தம்னு அவனுக்கு ஆரும் எடுத்துச் சொல்லலை. கோர்ட்டுல அவனுக்குன்னு ஒரு வக்கீல் வெச்சுக் குடுத்தாங்க. கொல்லலைன்னு சொல்லுப்பான்னு அவரு கெஞ்சிப் பாத்தாரு. ஒரம்பரையைச் சாகவிட்டுட்டு, நான் இல்லைன்னு எப்படிங்க சொல்லுவேன்னு இவன் திருப்பிக் கேட்டானாம். மடப்பய. நான் எத்தனையோ மடத்தனம் பண்ணியிருக்கேன், இந்த அளவுக்கு எனக்கு வராது.

என்னையும் சாச்சிக்குக் கூப்பிட்டாங்க. சாமி மேல சத்தியம் பண்ணிட்டு ஒரு பொய் சொல்லலைங்க. இதுக்கு முந்தி அந்த வண்டிக்குள்ள உனக்கு மயக்கம் வந்துச்சான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். ஆரு வெளிய இழுத்துப் போட்டதுன்னு கேட்டாங்க. சென்றாயன்னு சொன்னேன். அப்ப, உள்ள தீ வெச்சா என்ன ஆகும்னு அவனுக்கு முன்னாடியே தெரியும்னு சர்க்கார் வக்கீல் ஜட்ஜைப் பாத்துச் சொன்னாரு. என்கிட்ட அதுக்கு மேல கேக்கலை, நானும் சொல்லலை. கட்டில் ஏத்தினதுல மலைக்காரனுக்குக் கோவம், அதனால பண்ணிட்டான்னு முடிச்சாங்க. கூண்டுல இருந்த சென்றாயன், நான் எறங்கறப்போ என்னைப் பாத்துக் கும்பிட்டான். உள்ளதைச் சொன்னேன்னு கும்பிட்டிருப்பான்.

தீர்ப்பு படிச்ச அன்னிக்கு ஜட்ஜ் ஒண்ணு சொன்னாரு. இங்கிலீசுல சொன்னதைப் பக்கத்துல இருந்த குமாஸ்தா தமிழ்ல எனக்குச் சொன்னாரு. ஆயுதமில்லை, ரத்தமில்லை, சத்தமில்லை, இத்தனை நுட்பமான ஒரு கொலையைத் தன்னோட அனுபவத்துலயே பாத்ததில்லைன்னாராம். இந்த மலைக்காரன் சாதாரண ஆளு இல்லைன்னாராம். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. அநியாயத்தைப் பாத்தா ஆருக்குத்தான் எரியாதுங்க. ஒரு சட்டியைத் தூக்கிக் கொண்டாந்து வெச்சது மட்டுந்தான் அவன். மூட்டு ஆரு பூட்டினது, கம்பளி ஆரு ஒட்டினது, எடம் ஆரு காட்டினது? அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோறு எறங்கலை. ஏன் இப்படி இருக்கேன்னு சின்னாயி கேட்டா. ஒரு அப்பாவி மாட்டிக்கிட்டான் புள்ளே, அதை நெனச்சுத்தான்னு சொன்னேன். அப்படித்தான் இருக்கும். வேற என்ன இருக்கப் போகுது?

அதானுங்க ஐயா விசயம். எல்லாம் சொல்லிட்டேன். மேக்கூரையில ஓட்டை போடாதது நான், சென்றாயன்கிட்டப் பொய் சொன்னது நான், அந்தம்மா ஏறினதைப் பாத்துக்கிட்டே கதவைச் சாத்தினது நான். ரண்டு உசுரும் என்ற கணக்குதான். அவனை விட்டுட்டு என்னைப் புடிச்சுக்கோங்க. ஏனுங்க, எழுதறதை ஏன் நிறுத்திட்டீங்க?

என்னங்க சொல்றீங்க?

முந்தாநாளா?

ஓ. அத்தாயி வந்து பொணத்தை வாங்கிட்டுப் போனாளா. பாவம், மலையில இருந்து எறங்கி, பஸ்ஸு புடிச்சு, தனியா வந்தாளா. எனக்கு ஆரும் சொல்லலைங்க. சொல்லியிருந்தா அன்னிக்கே கெளம்பியிருப்பேன். தீர்ப்பு வந்து இத்தனை மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு கேக்கறீங்க. வாரோணும் வாரோணும்னுதான் இருந்தேன். நடுவுல ஒரு லாரிக்குப் பாடி கட்ட ஒத்துக்கிட்டேன், அப்பறம் சின்னாயி தம்பி கல்யாணம், அப்பறம் போன வாரம் வரைக்கும் வார்னிசு காயலை. காயாம விட்டுட்டு வந்தா தூசி ஒட்டிக்குமுங்க.

இருந்தாலும், முந்தாநாள்னா ரண்டே ரண்டு நாளுதானுங்களே. எங்க தொழில்ல ரண்டு நாளை ஆரும் தாமசம்னே சொல்றதில்லீங்க.